இரண்டு கை பட்டன்

மறைமலைநகர்
6-2-1998

சரோஜா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத் தோன்றவில்லை. நீயும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

அடித்தேன். இல்லையென்று யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல வழியுமில்லை, நீதான் பார்த்துக்கொண்டு நின்றாயே. மாமல்லபுரத்துக் கடற்கரையில், நல்ல வெயிலில், கம்பெனி ஆட்களும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் கையில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது, உன் தம்பி ஆனந்தனை நானும் என் குழுவும் மணலில் போட்டு அடித்தோம். முதல் அடி என்னுடையது. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். அதையும் சேர்த்து யோசி.

குடித்துவிட்டு அடித்தான் என்று உன் அம்மா ஊரில் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். நான் குடிக்கவில்லை. தெளிவாகத்தான் இருந்தேன்.

எட்டாவது ஃபெயிலானவன் நான். பிரஸ் ஷாப்பில் தகடு தூக்கிப் போட்டே முதுகு போயிருக்க வேண்டியவன். கம்பெனியில் சிறு குழு என்று ஆரம்பித்து, எங்களை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, டீயும் பன்னும் கொடுத்து, உன் வேலையை நாளைக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்ய என்ன வழி, நீயே சொல் என்று கேட்டார்கள். அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. புதன்கிழமை ஷிப்ட் முடிந்து நடக்கும் அந்தக் கூட்டத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். குனிந்து தூக்கும் இடத்தில் உருளை வைக்கச் சொன்னது நான். அதற்குப் பிறகு பிரஸ் ஷாப்பில் ஒருவனும் இடுப்புக்குப் பெல்ட் கட்டவில்லை. கோயம்புத்தூரில் மைக் பிடித்து நான் பேசிய போட்டோவை நீதான் கண்ணாடி போட்டு மாட்டினாய்.

மாமல்லபுரத்து விழாவில் இந்த வருடம் முதல் பரிசு எங்கள் 'சிகரம்' குழுவுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. ஒரு பீஸ் அடிக்கும் நேரத்தை ஏறக்குறையப் பாதியாக்கியிருந்தோம். எங்களிடம் சரக்கு வாங்கும் வண்டிக் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், நேரம் எப்படிக் குறைந்தது என்று கேட்டார். ஆனந்தன் நான் எழுதிக் கொடுத்ததைப் படித்திருக்க வேண்டும். கை அசைவைக் குறைத்தோம் என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன் கீது சார். ரெண்டு கையையும் வச்சி அமுக்கினாதான் தகட்ட வெட்டுற டை கீழ எறங்கும். அப்போ கை உள்ள மாட்டாது. நாங்க ஒரு பட்டன அமுக்கின மேனிக்கே மரக்கட்டைய சொருகி வச்சிட்டோம். இப்போ ஒரு கையே போதும். இன்னொரு கை உள்ள போயி வந்துகினு இருக்கும்" என்றான்.

மேஜைமேல் இருந்த கோப்பையை யாரோ எடுத்துக் கீழே வைத்துவிட்டார்கள். அதிகாரிகள் சாப்பிடாமல் காரில் ஏறினார்கள். எங்கள் மேனேஜர் வாசுதேவன் என்னைத் தனியே கூப்பிட்டு, சிரித்த முகம் மாறாமலே, "உன் ஆளு, நீ பாத்துக்கோ" என்றார்.

பார்த்துக்கொண்டேன்.

போலீசில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கு. வீட்டுக்கு வா. அவன் பிழைத்துக்கொள்வான்.

தர்மராஜ்


செங்கல்பட்டு
12-2-1998

அவருக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். ஆனந்தனுக்குப் படித்துக் காட்டவில்லை.

மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பி போட்டுச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கஞ்சியை வடிகட்டி, ஓரத்துப் பல் விழுந்த சந்து வழியாகக் குழாய் வைத்து உறிஞ்சுகிறான். இருமல் வந்தால் பயப்படுகிறான். விலா எலும்பு உடைந்தவன் இருமினால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

முதல் அடி உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாகச் செய்ததும் நீங்கள்தான். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்கள் கூட்டாளி ராஜேந்திரனே, "போதும் அண்ணாத்த, வுடு" என்று உங்கள் இடுப்பைக் கட்டி இழுத்தான். அதற்குள் ஆனந்தன் தவழ்ந்து தண்ணீர்ப் பக்கம் போயிருந்தான். உங்களிடமிருந்து தப்பிக்கக் கடலுக்குள் போனான். நீங்கள் ராஜேந்திரனை உதறிவிட்டு ஓடிப்போய், அவன் தலைமயிரைப் பிடித்து அலைக்குள் அமுக்கினீர்கள். அலை திரும்பிப் போனதும் அவன் முகம் ஈர மணலில் புதைந்திருந்தது. அடுத்த அலை வந்தது. நீங்கள் கையை எடுக்கவில்லை. நான் ஓடிவந்து உங்கள் மணிக்கட்டைக் கடித்தேன். தோல் என் வாய்க்குள் வந்தது. அப்போதுதான் விட்டீர்கள்.

அங்கே பிள்ளைகள் அழுதார்கள். அதில் நம் பிள்ளை என்று ஒன்று இல்லாததற்காக முதல்முறையாக நிம்மதிப்பட்டேன்.

இதைத்தான் போலீசில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

பரிசு போனதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டையை எடுக்கச் சொல்லி அவன் உங்கள் கூட்டத்திலேயே எத்தனை முறை கேட்டான் என்பதை எழுதவில்லை. பலகையில் எழுதினான், நீங்கள் அழித்தீர்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான். நான் உங்களிடம் கேட்டபோது, பொம்பளைக்கு பிரஸ்ஸைப் பற்றி என்ன தெரியும் என்றீர்கள். நேரம் மிச்சமாக மிச்சமாக உங்கள் லைனில் ஆட்களைக் குறைத்தார்கள். வெளியே அனுப்பிய கான்ட்ராக்ட் ஆட்களுக்கு எந்தக் கோப்பையில் பங்கு கொடுத்தீர்கள்?

மேடையில் அவனைக் கேட்டார்கள், சொன்னான். அவ்வளவுதான் அவன் செய்தது.

நான் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கட்டை இன்னும் அங்கே இருக்கிறதா?

சரோஜா


மறைமலைநகர்
19-2-1998

சரோஜா,

கட்டை இருக்கிறது.

மறுநாளே எடுத்துவிட்டோம். வண்டிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு பட்டனையும் அமுக்கிப் பார்த்துத் திருப்தியாகப் போனார். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் வாசுதேவன் பழைய டார்கெட்டையே பலகையில் எழுதினார். கட்டையை வை என்று அவர் வாயால் சொல்லவில்லை. அவர் எதையுமே சொல்வதில்லை. ராஜேந்திரன்தான் கொண்டுபோய்ச் சொருகினான்.

நீ எழுதியதைப் படித்தேன். அலைக்குள் அமுக்கியது எனக்கு நினைவில்லை என்று சொன்னால் நம்பமாட்டாய். நினைவிருக்கிறது. ஆத்திரத்தில் எழுதாமல் விட்டேன்.

இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல. நேற்றுக் கூட்டத்தில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் முறையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு கோளாறு வந்தால் ஏன் என்று கேட்போம். அதற்கு வரும் பதிலுக்கும் ஏன் என்று கேட்போம். அப்படியே கேட்டுக்கொண்டு போனால் வேர் வெளியே வந்துவிடும். நேற்று உருளையும் தகடும் பேச்சில் இல்லை. பலகையின் உச்சியில் 'போலீஸ் கேஸ்' என்று எழுதினார்கள். ஏன் கேஸ் வந்தது? புகார் கொடுத்ததால். வாய் திறக்க முடியாதவன் எப்படிப் புகார் கொடுத்தான்? அவனுக்காக இன்னொருவர் சொன்னார். அத்தனை பேர் பார்த்தார்களே, ஏன் வேறு யாரும் சாட்சிக்கு வரவில்லை? எல்லோருக்கும் வேலை வேண்டும். அப்படியானால் ஒருவர் மட்டும் ஏன் வந்தார்? அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. எங்கள் குழுவில் பலகைக்கு எழுதும் லக்ஷ்மிநாராயணன்தான் வழக்கம்போல அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனான். கடைசி வரியில் அவன் கை நின்றுவிட்டது. ராஜேந்திரன் எழுந்துபோய்ச் சாக்பீஸை வாங்கி, உன் பெயரை எழுதி, சுற்றி வட்டம் போட்டான்.

வேரை எடுத்தால் கோளாறு திரும்ப வராது என்பது நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். நான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அழிக்கவில்லை.

ராஜேந்திரனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். கேஸ் நடந்தால் எல்லோருக்கும் வேலை போகும். நான் சொன்னால் அடங்குவார்கள் என்று இனிமேல் எண்ணாதே. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள். மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

தர்மராஜ்


மதுராந்தகம் அருகிலிருந்து
27-2-1998

அவருக்கு,

வந்தார்கள்.

ஆனந்தனை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சாப்பாட்டு வேளை. ஆண்கள் எல்லோரும் கழனியில் இருந்தார்கள். இரண்டு வண்டியில் ராஜேந்திரனும், உங்கள் குழுவில் அவனோடு ஒட்டிக்கொண்டு திரியும் இரண்டு பேரும் வந்தார்கள். லக்ஷ்மிநாராயணன் வரவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம், வராமலும் இருக்க முடியும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள.

முதலில் வைக்கோல் போருக்குத் தீ வைத்தார்கள். அறுவடை முடிந்து போட்ட போர், உச்சி வெயில், குபுகுபுவென்று பிடித்துப் பக்கத்துக் கொட்டகைக்குத் தாவியது. கொட்டகையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றோடு சுற்றிச் சுற்றிக் கத்தியது. அம்மா அதை அவிழ்க்க ஓடினாள். ஒருவன் அவள் முதுகில் உதைத்தான். கொட்டகைக் கல்லில் முகம் அடிபட விழுந்தாள். கன்று வெந்து செத்தது. அம்மாவின் நெற்றியில் தையல் போட்டிருக்கிறது.

ராஜேந்திரன் உள்ளே வந்தான். ஆனந்தனைக் கட்டிலிலிருந்து காலைப் பிடித்து இழுத்துப் போட்டான். தாடையில் கம்பி கட்டியிருப்பவன் கத்தக்கூட முடியாது, எனக்குப் புருஷனாக இருந்தவரே. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. ராஜேந்திரன் அவன் தாடைமேல் செருப்புக் காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கையெழுத்து போடு அண்ணி. போடலன்னா மிதிச்சிடுவேன்" என்றான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுக்க இடது கையை மேலே கொண்டுபோனான்.

கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவி அந்தக் கையில் வெட்டினேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். நெல் அறுக்கும் அரிவாள், வெட்டுவதற்கு ஆனதல்ல. அதனால் இழுத்தேன். சுவரெல்லாம் ரத்தம். அவன் கத்தவில்லை, தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொரு முறை ஓங்கினேன். மற்றவர்கள் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். புகையைப் பார்த்து ஊர் ஆட்கள் ஓடிவந்து, விட்டுப்போன ஒரு வண்டியை ஏரியில் தள்ளினார்கள்.

இப்போது என்மேலும் ஒரு கேஸ். இருக்கட்டும். ராத்தூக்கம் போய்விட்டது என்றோ, கை நடுங்குகிறது என்றோ எழுதமாட்டேன். நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் எது என் கைக்குள் வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு மெயின் ரோட்டிலிருந்து வந்தால் ஊர் முழுக்கத் தாண்டித்தான் வரவேண்டும். அவர்கள் ஏரிக்கரை மேல் வந்து, களத்துப் பக்கமாக, யார் கண்ணிலும் படாமல் இறங்கினார்கள். அந்த வழியில் நம் கல்யாணத்துக்கு மறுவாரம் நீங்களும் நானும் நடந்து வந்தோம். உங்கள் குழுவில் வேறு யாருக்கும் அது தெரியாது.

சொன்னீர்களா?

சரோஜா


மறைமலைநகர்
4-3-1998

சரோஜா,

சொன்னேன்.

ராஜேந்திரன் கேண்டீனில் வந்து வழி கேட்டான். ஏரிக்கரையைச் சொன்னேன். பேசிவிட்டுத் திரும்புவான் என்று நினைத்தேன் என எழுதலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எதையும் நினைக்காமல் இருப்பது எப்படி என்று நான் பழகியிருக்கிறேன். அந்தக் கட்டையைச் சொருகிய நாளிலிருந்தே.

உன் அம்மா அடிபட்டதைப் படித்ததும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை.

ராஜேந்திரனுக்கு நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது. இடது கை விரல்கள் மடங்கவில்லை. ஆனாலும் நாளை ஷிப்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார் வாசுதேவன். லீவு எடுத்தால் கையில் எப்படிக் காயம் வந்தது என்று கேள்வி வருமாம். எங்கள் குழுவின் வருகைப் பதிவு இந்த வருடம் இதுவரை குறையவில்லை, அதுவும் கெட்டுவிடுமாம்.

தர்மராஜ்


கிளைச் சிறை, செங்கல்பட்டு
21-3-1998

சரோஜா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நான் உள்ளே இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். எப்படி வந்தேன் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

ராஜேந்திரன் மறுநாள் வந்தான். கட்டுப் போட்ட கையைச் சட்டைக்குள் மறைத்திருந்தான். உட்கார்ந்து செய்யும் வேலையாகக் கொடுங்கள், அடித்த பீஸைப் பொறுக்கிப் பிரிக்கும் மேஜையில் விடுங்கள் என்று நான் வாசுதேவனிடம் கேட்டேன். அவர், "அந்த மிஷினுக்குத்தான் ஒரு கை போதுமே, நீங்க கண்டுபிடிச்சதுதானே" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

ராஜேந்திரன் வலது கையால் தகடு வைத்தான். விரல் மடங்காத இடது கையால் பட்டனை அமுக்க முடியவில்லை, முழங்கையால் அமுக்கினான். காலையில் நன்றாகத்தான் ஓடியது. டீ நேரத்துக்கு முன்னால் கட்டு நனைந்து ரத்தம் கசிந்தது. வலியில் முழங்கை தானாகப் பட்டன்மேல் சாய்ந்துவிட்டது. வலது கை டைக்குள் இருந்தது.

அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. தகடு வெட்டுப்படும் சத்தம் கணீரென்று இருக்கும். இது மொத்தையாக இருந்தது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். டை மேலே ஏறாமல் நின்றுவிட்டது. கை உள்ளே இருக்க, அவன் நின்றபடி எங்களைப் பார்த்தான். நானும் லக்ஷ்மிநாராயணனும் கம்பி போட்டுச் சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றினோம். அவன் வெளியே வந்தான். மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் வரவில்லை.

அவனை வண்டியில் ஏற்றித் திரும்பி வருவதற்குள் கட்டை அங்கே இல்லை. டையைக் கெரசின் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வருவதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு காகிதம் சுற்றிவந்தது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று. வாசுதேவன் எங்கள் முன்னால் மிஷினை ஓடவிட்டு, தன் இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிக் காட்டினார். டை அழகாக இறங்கி ஏறியது. "பாருங்க, மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றார்.

நான் அவருடைய வலது கையைப் பிடித்தேன். முறுக்கி டைக்குள் வைத்தேன். இன்னொரு கையால் பட்டனை அமுக்கினேன்.

பயமுறுத்துவதற்காக இல்லை சரோஜா. கை போகட்டும் என்றுதான் அமுக்கினேன்.

டை இறங்கவில்லை. மறுபடியும் குத்தினேன். இறங்கவில்லை. அவர் என் தோளைக் கடித்தார், காலில் உதைத்தார், நான் விடவில்லை. குத்திக் குத்தி என் உள்ளங்கை கிழிந்தது. பிறகுதான் புத்தியில் ஏறியது. கட்டையை எடுத்துவிட்டார்களே, ஒரு கையால் இறங்காது. அவரைப் பிடித்திருக்கும் கையை விட்டால்தான் இன்னொரு பட்டன். விட்டால் அவர் கை உள்ளே இருக்காது. அந்த மிஷினைச் செய்தவன் இதைத்தான் யோசித்துச் செய்திருக்கிறான்.

பக்கத்தில் லக்ஷ்மிநாராயணன் நின்றான். "மச்சான், அந்தப் பட்டன அமுக்கு" என்றேன். அவன் அழுதுகொண்டிருந்தான். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். சுற்றி நின்ற ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவனும் கிட்டே வரவில்லை. என் குழு என் பேச்சைக் கேட்காமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

அப்புறம் செக்யூரிட்டி ஆட்கள் தடியோடு வந்தார்கள். எனக்கும் விலா உடைந்தது. ஆனந்தன் இருமப் பயந்தான் என்று எழுதியிருந்தாய். இப்போது தெரிகிறது.

மாமல்லபுரத்துக் கேஸில் அடித்ததை ஒப்புக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏரிக்கரை வழி சொன்னதையும். நீ கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

தர்மராஜ்


மதுராந்தகம் அருகிலிருந்து
9-4-1998

அவருக்கு,

கடிதம் வந்து பல நாளாயிற்று. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, முதலில் வேறொரு காரியத்தை முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ராஜேந்திரனைப் போய்ப் பார்த்தேன். அம்மா என்னைத் திட்டினாள். வீட்டுக்குத் தீ வைத்தவனை எதற்குப் பார்க்கிறாய் என்றாள். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உட்காரவிடவில்லை. நான் வெட்டிய கையால் பட்டனை அமுக்க முடியாமல்தான் முழங்கையால் அமுக்கினான் என்ற வரி. அந்த டைக்குள் வாசுதேவன் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள், என் அரிவாளும் இருக்கிறது. என் வீட்டுக்குள் வந்து என் தம்பியின் தாடைமேல் கால் வைத்தவனை வெட்டியது தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

கட்டிலில் ஒரு கை மணிக்கட்டோடு கட்டுப் போட்டு, இன்னொரு கை தலையணைமேல் கிடக்க, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் மனைவி வசுமதி பால் வாங்கப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றான். ஊன்றக் கையில்லை. பயந்துவிட்டான் என்று தெரிந்தது. இடுப்பில் அரிவாள் எதுவும் இல்லை என்று புடவையை விலக்கிக் காட்டினேன். பிறகு அவன், "இன்னா அண்ணி, இப்போ சந்தோசமா?" என்றான்.

"இல்ல" என்றேன்.

தண்ணீர் கேட்டான். தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தேன்.

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் அன்றைக்கு வாக்குமூலம் வாங்க வந்தார். வசுமதி, ஏற்கெனவே கம்பெனிக்காரர்கள் எழுதி வந்த காகிதத்தைக் காட்டினாள். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டால் அவள் பெண்களின் படிப்பைப் பார்த்துக்கொள்கிறார்களாம். ராஜேந்திரன் அவளைக் காகிதத்தைக் கீழே வைக்கச் சொன்னான். பிறகு கட்டையை யார் செதுக்கியது, யார் சொருகியது, பலகையில் டார்கெட்டை யார் எழுதியது, எடுத்தது யார், எல்லாவற்றையும் சொன்னான். சொருகியது நான்தான் என்று தன் பெயரையும் சொன்னான். உங்கள் பெயரும் அதில் இருக்கிறது. அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை நீட்டிவிட்டு, பிறகு சங்கடமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மைப் பெட்டியை எடுத்தார். இடது கை கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் அவனால் அதைத் தூக்கி வைக்க முடியவில்லை. வசுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். தையல் போட்ட இடம் என் விரலுக்குக் கீழே தடித்துக் கிடந்தது. மையில் வைத்து, காகிதத்தில் அழுத்தினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். நன்றாகப் பதிந்தது.

என்மேல் உள்ள கேஸை அவன் திரும்ப வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன்மேல் உள்ளதை நானும் விடவில்லை.

லக்ஷ்மிநாராயணனும் போய் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். வாசுதேவன் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த பிரஸ் வரிசையையே பூட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் வேலை போன கான்ட்ராக்ட் ஆட்கள் ஆனந்தனைத்தான் திட்டுகிறார்கள். நேற்று பஸ் ஸ்டாண்டில் ஒருவன் அவன்மேல் காறித் துப்பினான். அவன் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினான். உண்மையைச் சொன்னதற்காக இந்த ஊரில் அவனுக்கு மாலை போட யாரும் காத்திருக்கவில்லை.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். டை இறங்காமல் போனதை எழுதியிருந்தீர்கள். இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வாசுதேவனுக்குக் கை போயிருக்கும். உங்களுக்கு மனம் ஆறியிருக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடித்தால் உங்களுக்கு மனம் ஆறுகிறது. கடற்கரையிலும் அதைத்தான் பார்த்தேன்.

நீங்கள் ஒப்புக்கொண்டதால் நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்கிறீர்கள். நான் சொல்வேன். அது உங்களைத் தண்டிப்பதற்காக மட்டும் இல்லை. அன்றைக்கு அத்தனை பேர் தட்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவராவது வாய் திறந்து, நான் பார்த்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதை உங்கள் கையெழுத்து சொல்லிவிட முடியாது. வக்கீல் கேட்டால் பிரஸ் ஷாப்பில் நடந்ததையும், நீங்கள் எனக்கு எழுதியபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். அது உங்களுக்கு நல்லதாக முடியுமோ கெட்டதாக முடியுமோ, எனக்குத் தெரியாது.

மறைமலைநகர் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். உங்கள் துணிமணி இங்கே ஒரு பெட்டியில் இருக்கிறது. நான் திரும்பி வருவேனா என்று கேட்காதீர்கள்.

ஆனந்தனுக்குக் கம்பியை எடுத்துவிட்டார்கள். பேசுகிறான், ஆனால் பாதி எழுத்து வழுக்குகிறது. உங்களைப் பார்க்க வரவேண்டும் என்கிறான். எதற்கு என்று கேட்டேன். திட்டவா, அழவா என்று கேட்டேன். அவனுக்கே தெரியவில்லை. "மாமாவ பாக்கணும்" என்று மட்டும் சொன்னான். அந்தச் சொல் மட்டும் அவன் வாயில் சுத்தமாக வருகிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை கூட்டிவருகிறேன். அவன் உள்ளே வருவான். நான் சிறை வாசலில் நிற்பேன்.

சரோஜா